ஃபூஃபாவிடம் எந்த மொழியில் மன்னிப்புக் கேட்பது

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் பந்தல்காரன் வருவான், பேண்டு வாத்தியக்காரன் வருவான், பெண்ணின் ஃபூஃபா கோபித்துக்கொள்வார். முதல் இரண்டு பேருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டும். மூன்றாவது தானாக நடக்கும். ஃபூஃபா என்றால் அத்தையின் புருஷன். அந்த வீட்டில் ஒரு காலத்தில் அவருக்கு மாப்பிள்ளை மரியாதை இருந்தது. இப்போது அது புது மாப்பிள்ளைக்குப் போகப்போகிறது. அந்த வயிற்றெரிச்சலை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் டீ ஆறிப்போச்சு என்பார், நாற்காலி ஆடுகிறது என்பார், மாடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். நாலு பேர் போய்க் கெஞ்சிக் கூட்டிவருவார்கள். வந்து போட்டோவுக்கு நிற்பார்.

இந்த முறை கோபித்துக்கொண்டது என் கணவர் திரிபுவன் நாராயண் மாத்தூர். கல்யாணப் பெண் குஹூ, என் தம்பி கமலேஷின் ஒரே மகள். நான் அவளுக்கு புவா, அதாவது அத்தை. சிக்கல் என்னவென்றால், இந்த முறை ஃபூஃபாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. நியாயமில்லாத கோபத்தை ஆற்றுவதில் எங்கள் குடும்பத்துக்கு நல்ல பழக்கம் உண்டு. நியாயமான கோபம் வந்தால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று இரண்டு வீட்டு ஆண்களும் எதிரெதிரே நின்று மாலை போட்டுக் கட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். அப்பாவுக்கு அப்பா, மாமாவுக்கு மாமா, ஃபூஃபாவுக்கு ஃபூஃபா. என் கணவர் மாப்பிள்ளையின் கான்பூர் ஃபூஃபாவுக்கு மாலை போட்டுவிட்டார். பதில் மாலை வாங்கிக்கொள்ள இவர் கழுத்தைக் குனிந்தார். தட்டில் ஒரே ஒரு மாலை பாக்கி இருந்தது. அந்த நேரம் பார்த்து கமலேஷின் பாங்க் ஜெனரல் மேனேஜர் வாசலில் வந்து நின்றார். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தவர். கமலேஷ் அந்த மாலையை எடுத்துக்கொண்டு ஓடி அவர் கழுத்தில் போட்டான். திரும்பி வரும்போது அக்கா புருஷனிடம், "ஜீஜாஜி, நீங்க நம்ம வீட்டு ஆளு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்று சொல்லிக்கொண்டே போனான்.

எல்லாம் வீடியோவில் இருக்கிறது. கான்பூர் ஃபூஃபா வெறும் கையோடு நிற்கிறார். என் கணவர் குனிந்தபடி இருக்கிறார். அந்தக் கழுத்து நிமிர்வதற்கு ரொம்ப நேரம் ஆகிறது. பின்னால் ஷெனாய் வாசிக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் மொழிகளைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. பத்திரிகையில் விவாஹம் என்று ஹிந்தியில் அச்சடித்திருந்தது. வாயில் எல்லோரும் ஷாதி என்றோம், அது உருது. கமலேஷ் லீவு கேட்டபோது மேரேஜ் என்று இங்கிலீஷில் எழுதினான். மூன்றும் ஒரே கல்யாணம்தான், செலவும் ஒன்றுதான். என் கணவருக்கு வயிற்று வலி உருதுவில் வரும். அதை டாக்டரிடம் இங்கிலீஷில் சொல்வார். சரியானதும் அனுமாருக்கு ஹிந்தியில் நன்றி சொல்வார். லக்னோவில் பாதிப் பேர் இப்படித்தான். எந்தச் சொல் எந்த வீட்டுப் பிள்ளை என்று நாங்கள் கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தபோதுதான், எந்த மொழியில் கேட்டால் எவ்வளவு பெறும் என்று பார்க்க வேண்டியதாயிற்று.

கமலேஷ் மறுநாள் காலையிலேயே போன் பண்ணினான். என் கணவர் அதை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"ஜீஜாஜி, நேத்து நடந்ததுக்கு சாரி. ரியலி சாரி."

"என் காலை மிதிச்சியா?"

"இல்லியே."

"பஸ்ல இடிச்சியா?"

"இல்ல ஜீஜாஜி."

"அப்ப எதுக்கு சாரி? காலை மிதிச்சவன் சொல்றது அது. ராங் நம்பர் போட்டவன் சொல்றது. அவன் அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஸ்டாப்ல இறங்கிப் போயிடுவான்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மூங்கில் நட வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு உன் தம்பிகிட்ட."

மஞ்சள் பூசும் நாளன்று பெண் வீட்டில் பந்தக்கால் நட வேண்டும். அதை அந்த வீட்டு மாப்பிள்ளைதான், அதாவது ஃபூஃபாதான், தன் கையால் நட வேண்டும். முன்பெல்லாம் முற்றத்தைத் தோண்டி நடுவார்கள். இப்போது முற்றம் இல்லை, பெயின்ட் டப்பாவில் மண் போட்டு நடுகிறோம். பந்தல் எப்படியும் கல்யாண மண்டபத்தில் காண்டிராக்டர் போடுவான். ஆனால் அந்த ஒரு மூங்கில் நிற்காமல் மஞ்சள் இல்லை. முதல் மஞ்சள் வைப்பவள் புவா. ஃபூஃபா இல்லாமல் புவா மட்டும் வந்து நின்றால் கூட்டத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் கேட்பார்கள், ஏன் அவர் வரவில்லை என்று. பெண்ணின் கல்யாணம் அதோடு போயிற்று, எங்கள் வீட்டுக் கதைதான் ஓடும். அதனால் அவர் போகவில்லை என்றால் நானும் போகக் கூடாது என்பது எழுதாத சட்டம். எத்தனையோ புவாக்கள் அப்படி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

என்னால் இந்தக் கல்யாணத்துக்கு மட்டும் அப்படி உட்கார முடியாது. குஹூவுக்கு நாலு வயதில் அவள் அம்மா போய்விட்டாள். அதிலிருந்து பத்தாவது படிக்கும்வரை அவள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். எங்களுக்குக் குழந்தை கிடையாது. அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான். ஸ்கூல் வாசலில் நின்றது அவர். அந்தக் குழந்தையின் நெற்றியில் முதல் மஞ்சள் வேறொருத்தி வைத்தால் என் கை வெறும் கையாகவே போய்விடும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ற ஆத்திரம்.

கமலேஷ் அடுத்தபடியாக ஹிந்திக்குப் போனான். அவன் பாங்கில் ஹிந்தி அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை ஹிந்தி விழா நடத்திக் கட்டுரைப் போட்டி வைப்பார். மற்ற நாட்களில் எல்லோருக்கும் புரிகிற இங்கிலீஷ் சுற்றறிக்கைகளை யாருக்கும் புரியாத ஹிந்தியில் மாற்றிக் கொடுப்பார். அவரிடம் ஒரு வாக்கியம் எழுதி வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு பொட்டலம் கபாபும் வாங்கிக்கொண்டு வந்தான். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை என் கணவர் கறி தொடமாட்டார் என்பது எங்கள் தெருநாய்க்குக்கூடத் தெரியும். பொட்டலத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

கமலேஷ் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, ஸ்கூலில் ஒப்பிப்பது போல் சொன்னான்: "அன்றைய நிகழ்ச்சியில் தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு உளமார வருந்துகிறேன். தங்களிடம் க்ஷமை வேண்டுகிறேன்."

என் கணவர் பொட்டலத்தை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார்.

"கமலேஷ், நான் முப்பத்தோரு வருஷம் என்ன வேலை பாத்தேன்?"

"ரயில்வேல."

"ரயில்வேல என்ன? எஞ்சின் ஓட்டினேனா?"

"அறிவிப்பு சொல்ற வேலை."

"என்ன அறிவிப்பு?"

கமலேஷுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். பனிக்காலத்துல இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிடும். முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவைகூட நான் மனசாரச் சொன்னதில்ல. எவனும் அதை மனசாரக் கேட்டதும் இல்ல. வண்டி லேட்டு, போய் டீ குடின்னு அர்த்தம். என் சரக்கை எனக்கே விக்க வந்தியா?"

நான் சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட மனசாரச் சொன்னதில்லை என்பது காதில் விழுந்தது. வடிகட்டி கையில் அப்படியே நின்றது.

அந்த அறிவிப்பை நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கேட்ட நாள் ஒன்று உண்டு. குஹூவின் அம்மா இறந்த நாள், ஜனவரி மாதம். கமலேஷ் அப்போது கோரக்பூரில் இருந்தான். தம்பி பெண்டாட்டிக்கு ரொம்ப மோசம், உடனே வா என்று செய்தி. நான் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போனேன். பனி, கை நீட்டினால் கை தெரியாது. வண்டி லேட். என் புருஷன் அதே ஸ்டேஷனில், பாலத்துக்கு மேலே கண்ணாடிக் கூண்டில் மைக் முன்னால் இருக்கிறார். நான் கீழே பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறேன். போர்ட்டரிடம் சொல்லி அனுப்பினேன், ஒரு நிமிஷம் இறங்கி வரச் சொல் என்று. வரவில்லை. அவர் குரல் மட்டும் வந்தது. கோரக்பூர் வண்டி தாமதம், அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். ஹிந்தியில், பிறகு இங்கிலீஷில், மறுபடி ஹிந்தியில், மறுபடி இங்கிலீஷில். ஓயாமல் வந்தது. நடுவே ஒரு தடவை உருதுவில்கூட வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள், யாராவது போய் அந்த ஆள் வாயை மூடுங்களேன் என்றார்கள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி அழுதுகொண்டிருக்கிறாள், இந்த மனுஷனுக்குக் கடமை பொங்குகிறது என்று நினைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். முகம் பார்க்கவில்லை. குஹூவை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அவர் ஸ்டேஷனுக்கு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார், பெட்டியையும் வாங்கிக்கொண்டார். எதுவும் சொல்லவில்லை. இருபத்து மூன்று வருஷமாக எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று ஸ்பீக்கரில் சொன்னாரே, அதில் கொஞ்சமாவது எனக்கானது என்று எங்கோ மனசு ஓரத்தில் வைத்திருந்தேன் போல. அது இல்லை என்று இப்போது டீ வடிகட்டும்போது தெரிந்தது.

டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். இருவரும் அப்படியே குடித்தார்கள். கபாபைக் கமலேஷ் திரும்ப எடுத்துக்கொண்டு போனான்.

மிச்சம் இருந்தது உருது. அதற்கு நஃபீஸ் ஆபாதான். எங்கள் கீழ்வீட்டுக்காரி, தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் திட்டினால்கூட இன்னொரு தடவை திட்டமாட்டாளா என்றிருக்கும், அப்படி ஒரு உருது. நானே கமலேஷை அவளிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"உங்க வீட்டுல மன்னிப்பு எப்படிக் கேப்பீங்க ஆபா?" என்றான்.

"சாரின்னுதான்."

"உருதுல இல்லையா?"

"உருதுல கேட்டா என் புருஷன் பயந்துடுவார். ஏதோ பெரிசா நடந்துபோச்சுன்னு ஹார்ட்டைப் பிடிச்சுப்பார்." ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "மாத்தூர் சாஹப்புக்கு அப்படித்தான் வேணும்னா சொல்லித்தரேன். ஆனா கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்காதே. போலீஸ்காரன் மாதிரி இருக்கு."

ஒரு மணி நேரம் தையல் மிஷின் பக்கத்தில் நின்று ஒத்திகை பார்த்தான். நல்ல வாக்கியம். என் தவறு பெரிது, உங்கள் மனம் அதைவிடப் பெரிது, இந்த அற்பனை மாஃப் செய்து மன்னித்தருள வேண்டும் என்று போகும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கண் கலங்கியது, அவன் என்னிடம் ஒரு தப்பும் செய்யாதபோதே. நான் படியில் நின்று கேட்க, மாடியேறிப் போய் அதைத் தப்பில்லாமல் சொன்னான்.

"ரொம்ப அழகு" என்றார் என் கணவர். "நஃபீஸ் ஆபாவோட உச்சரிப்பு. ஜாக்கெட் அளவும் எடுத்தாளா?"

"ஜீஜாஜி."

"காலைல கேட்டுல ஒரு பிச்சைக்காரன் வந்து நின்னான். சில்லறை இல்ல. நான் என்ன சொன்னேன்? மாஃப் கரோ பாபான்னேன். அவன் அதை வாங்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். நீயும் இப்ப என்கிட்ட அதையே சொல்றே. நான் எந்த வீட்டுக்குப் போகணும்?"

கமலேஷ் படியிறங்கி வந்து என் பக்கத்தில் நின்றான். தலைமுடி நரைத்த ஆள், பாங்கில் நாற்பது பேரை மேய்க்கிறவன். அழுதுவிடுவான் போலிருந்தது.

"மூணு பாஷையும் தீந்துபோச்சு அக்கா. நாலாவது எனக்குத் தெரியாது."

"நீ அந்த மாலையைக் குடுத்திருந்தா முதல் பாஷையே தேவைப்பட்டிருக்காது" என்றேன். என் தம்பி என்பதற்காகச் சும்மா விட முடியுமா.

மருதாணி அன்று சாயங்காலம் குஹூ கூப்பிட்டாள். அவள் சின்ன வயதிலிருந்தே அழுகிற பெண் இல்லை. குரல் நிதானமாக இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

"புவா, ரெண்டு கையிலயும் மருதாணி. ஃப்ரெண்ட் போனைப் பிடிச்சிட்டிருக்கா. நாளைக்கு முதல் மஞ்சள் யார் வெக்கிறதுன்னு பண்டிட்ஜி கேக்குறாராம்."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. ஃபூஃபாஜிகிட்ட குடுங்க."

கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட அவர் மறக்கவில்லை.

"ஃபூஃபாஜி, அப்பாவுக்காக வர வேணாம். எனக்காக வாங்க."

"உனக்காக எந்நேரமும் வருவேன் மகளே. ஆனா என் கழுத்து குனிஞ்சது உங்கப்பன் வாசல்ல. நிமிர்த்த வேண்டியது அவன்தான்."

"சரி" என்றாள். "கழுத்தைப் பாத்துக்கங்க." வைத்துவிட்டாள்.

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு காலண்டரைப் பார்த்தார். காலண்டரில் பார்க்க ஒன்றும் இல்லை, அது போன மாதத்திலேயே நின்றிருந்தது.

மஞ்சள் நாளன்று காலையில் நான் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு பையை எடுத்து வாசலில் வைத்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"தனியாப் போறியா?"

"ஆமா."

"கேப்பாங்க."

"கேக்கட்டும். அந்தப் பொண்ணு என் மடியில வளந்தது. உங்க கழுத்துக்காக நான் என் கையை வெட்டிப் போட முடியாது."

பேப்பரை மடித்தார். "எனக்கு நடந்தது தப்பு இல்லையா ஸ்நேஹ்?"

"தப்புதான். கமலேஷ் செஞ்சது அசிங்கம். ஆனா அவன் வந்துட்டான். போன்ல வந்தான், கபாபோட வந்தான், நஃபீஸ் ஆபா உருதுல வந்தான். நீங்க மூணையும் தராசுல போட்டு எடை குறைச்சல்னு திருப்பி அனுப்புறீங்க. நான் ஒண்ணு கேக்கறேன். நமக்குக் கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நீங்க எனக்கு எந்த பாஷைல சொல்லியிருக்கீங்க? காலை மிதிச்சவன் சொல்றதையாவது சொல்லியிருக்கீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே யோசிப்பது தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. இதற்கு யோசிக்க வேண்டுமா?

"ஆட்டோக்காரன் சுத்தி அழைச்சுட்டுப் போவான். பாலம் வழியாப் போகச் சொல்லு" என்றார்.

நான் ஆட்டோவில் அழுதேன். ராஜாஜிபுரத்திலிருந்து இந்திரா நகர்வரை அழுவதற்கு நேரம் போதும். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டைக் குறைத்தான்.

கமலேஷ் வீட்டு வாசலில் பெயின்ட் டப்பாவில் மண் நிரப்பி வைத்திருந்தது. பக்கத்தில் மூங்கில் படுத்திருந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் முதலில் என்னைப் பார்த்தார்கள், பிறகு என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள். பின்னால் யாரும் இல்லை.

"ஃபூஃபாஜி?" என்றாள் குஹூ. மஞ்சள் துணி உடுத்திப் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"லேட்டு" என்றேன்.

"எவ்வளவு?"

"அறிவிப்பு இல்ல."

அவள் சிரிக்கவில்லை. பலகையில் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள், நான் பக்கத்தில் உட்கார. பண்டிட்ஜி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்றார், ஹிந்தியில். டைம் இல்லை என்றார், இங்கிலீஷில். கமலேஷின் நண்பர் ஒரு டாக்டர் எழுந்து, நான் வேண்டுமானால் நட்டுவிடட்டுமா என்று மூங்கிலில் கை வைத்தார்.

"கையை எடுங்க" என்றேன். எடுத்துவிட்டார். அவர் நல்ல மனுஷர், பிறகு அவரிடம் சாரி சொன்னேன். இங்கிலீஷிலேயே போதுமாக இருந்தது.

இனிமேல் பொறுக்க முடியாது, மூங்கில் இல்லாமலே ஆரம்பியுங்கள் என்று நானே பண்டிட்ஜியிடம் சொல்ல வாயெடுத்தபோது வெளியில் பாட்டரி ரிக்‌ஷா நிற்கும் சத்தம் கேட்டது. என் கணவர் இறங்கினார். நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட அதே கோட்டு. ரிக்‌ஷாக்காரனிடம் மிச்சத்தை எண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் திரும்பினார்.

கமலேஷ் அவரைப் பார்த்தான். உள்ளே ஓடினான். ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு சாமந்தி மாலையோடு வந்து அவர் முன்னால் நின்றான். வாயைத் திறக்கவில்லை. திறக்க அவனிடம் ஒன்றும் மீதி இல்லை. கூடத்தில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வீடியோக்காரனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் கணவர் கழுத்தைக் குனிந்தார். மாலை விழுந்ததும் உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது.

"என்னடா, ஐஸா இருக்கு."

"ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்தேன் ஜீஜாஜி."

"வெங்காய நாத்தம் அடிக்குது. எப்ப வாங்கினது?"

"நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள்."

மாலையின் ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. என் கணவர் ஒரு பூவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அன்னிலேர்ந்து இருக்கா? அப்ப எதுக்குடா ஊர்ல இருக்கிறவன் கிட்டல்லாம் எழுதி வாங்கிட்டு வந்தே?"

"ஒண்ணும் சொல்லாம எப்படிப் போடறதுன்னு தெரியல" என்றான் கமலேஷ்.

"முட்டாள்" என்று சொல்லி அவனைக் கட்டிக்கொண்டார். வீடியோக்காரன் இன்னொரு தடவை கட்டிக்கொள்ளச் சொன்னான். இருவரும் அவனைத் திட்டினார்கள்.

பிறகு பெயின்ட் டப்பாவுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். மூங்கிலை நேராகப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். நான் போய்ப் பிடித்தேன். அவர் மண்ணை ஒதுக்கிக் குழி பறித்தார்.

"மாலைக்காக வரல" என்றார், தலையைத் தூக்காமல். எனக்கு மட்டும் கேட்கிற குரல். "நீ கேட்டதை யோசிச்சுட்டு உக்காந்திருந்தேன். அன்னிக்கு அறிவிப்பு எத்தனை தடவை வந்துச்சு, நினைவிருக்கா?"

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. "ஓயாம வந்துச்சு."

"கால் மணிக்கு ஒரு தடவைதான் சொல்லணும், அதான் ரூல். அடுத்த ஷிஃப்டுக்காரன் வரல, மைக்கை விட்டு என்னால இறங்க முடியல. கண்ணாடி வழியாப் பாத்துட்டே இருந்தேன். பனி விலகுறப்பல்லாம் தெரிஞ்சே. பச்சை சால்வை போத்திக்கிட்டு பெட்டிமேல உக்காந்திருந்தே. என் கையில மைக் ஒண்ணுதான் இருந்துச்சு. அதுல என்ன சொல்ல முடியுமோ அதைச் சொன்னேன். ஹிந்தில சொன்னேன், இங்கிலீஷ்ல சொன்னேன். உருதுல சொல்லக் கூடாது. அதுலயும் சொன்னேன். அதுக்கு மெமோ குடுத்தாங்க."

மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"மனசாரச் சொன்னதே இல்லைன்னு கமலேஷ்கிட்ட சொன்னீங்களே."

"அவன்கிட்ட இதைச் சொல்வேனா?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை."

"சொல்லிட்டேன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார். "இன்னிக்குக் காலைல நீ கேட்டப்பதான், உனக்கு வந்து சேரலைன்னு தெரிஞ்சுது."

மண்ணைத் தள்ளி மூங்கிலின் அடியை அழுத்தினார். நகக்கண்ணெல்லாம் மண். கழுத்தில் பழைய மாலை. நான் அந்த வழுக்கைத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்து மூன்று வருஷம் என்று நினைத்தபோது சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"எனக்குக் கேட்டுச்சு" என்றேன். "நான் உங்களைத் திட்டிட்டிருந்தேன்."

"எந்த பாஷைல?"

"மூணுலயும்."

"சரி" என்றார். "மூங்கிலைக் கொஞ்சம் இடது பக்கம் சாய். நேரா இல்ல."

சாய்த்தேன். அவர் மண்ணை மூடிக் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். நான் மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குஹூவிடம் போனேன்.